கேட்கத் தயங்கிய கேள்வி: மார்பகச் சிகிச்சைக்குப் பின் எந்த உள்ளாடை?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில், எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் பெண்களுக்கெனத் தராவீஹ் தொழுகை நடந்துவந்தது. முதல் ஸஃப்பில் நின்ற ஒரு சகோதரி, நான்காவது ரக்அத் முடிந்ததும் எழுந்து சென்றார், திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் என்னிடம் ஓதும் மாணவி ஒருத்தியின் தாயார். ஆறு மாதங்களுக்கு முன்புதான் புற்றுநோயின் காரணமாக அவருடைய இடது மார்பகம் அகற்றப்பட்டிருந்தது. உடல் தேறிவிட்டது என்றே நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம்.

பெருநாள் கழிந்து அவரைக் காணச் சென்றேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அறுவை நடந்த பக்கம் வெறுமையாகத் தெரியலாகாது என்று, பழைய துப்பட்டாவை மடித்துத் தம் வழக்கமான பிராவுக்குள் வைத்துத் தைத்திருந்தாராம். ஸஜ்தாவில் தையல் விட்டு, துணி நழுவிக் கழுத்தருகே வந்துவிட்டதாம். அந்தப் பிராவின் கம்பி தழும்பை அழுத்திப் புண்ணாக்கியிருந்ததையும் அன்றுதான் வாய்திறந்து கூறினார்.

"மருத்துவரோ ஆண், அவரிடம் எப்படிக் கேட்பது? வீட்டில் சொன்னால், 'உயிர் பிழைத்ததே பெரிது, இதுவும் ஒரு கவலையா' என்பார்கள். ஆகவே யாரிடமும் கேட்கவில்லை, ஆலிமா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொய்யாக ஒரு மார்பகம் வைத்துக்கொள்வது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாக ஆகிவிடாதா?" என்றும் கேட்டார்.

எந்த உள்ளாடை நல்லது என்ற கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. பின்னர் செவிலியர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். ஆனால் மார்க்கம் பற்றிய அவருடைய ஐயத்திற்குத் தெளிவான விடை அன்றே இருந்தது.

மூக்கை இழந்த நபித்தோழர்

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியினால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் உண்டாகவே, தங்கத்தினால் ஒன்று செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி வழங்கப்பட்டது. நோயாலோ விபத்தாலோ இழந்த உறுப்பின் குறையை நிரப்புவது படைப்பை மாற்றுவதாகாது என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் காட்டுவர்.

இந்நிகழ்ச்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள், சகோதரிகளே! அந்தத் தோழரிடம் ஏற்கெனவே ஒரு செயற்கை மூக்கு இருந்தது. 'அதுவே போதும், பொறுத்துக்கொள்' என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. அது தொல்லை தராததாகவும் இருக்க வேண்டும் என்பது கருத்தில் கொள்ளப்பட்டது. உறுத்தாத, புண்படுத்தாத ஓர் உள்ளாடையை நாடுவது ஆடம்பரமன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். எனினும் மதீனத்து அன்ஸாரிப் பெண்களுக்கு, மார்க்க விளக்கம் பெறுவதில் வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். கேட்க வேண்டியதைக் கேளாமல் புண்ணோடு இருப்பதற்கு வெட்கம் என்று பெயரன்று.

முதல் சில வாரங்கள்

மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டாலும், கட்டி மட்டும் நீக்கப்பட்டாலும், அறுவைக்குப் பிந்திய வாரங்களில் அந்த இடம் வீங்கியும் மரத்தும் இருக்கும். அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் எடுக்கப்பட்டிருந்தால் கையைத் தூக்குவது கடினம். தக்பீருக்குக் கை உயர்த்தவே வலிக்கும் நாட்களில், முதுகுக்குப் பின்னால் கொக்கி மாட்டுவது எங்ஙனம்? ஆகவே முன்பக்கம் திறந்து மூடும் பிராவே இக்காலத்திற்கு ஏற்றது. கம்பியில்லாத, மிருதுவான பருத்தித் துணியாய் இருக்கட்டும். வழக்கமான அளவைவிடச் சற்றுத் தளர்ந்திருக்கலாம். கட்டி மட்டும் நீக்கப்பட்டவர்களுக்கு, குறிப்பாக மார்பகம் கனமாக இருப்பவர்களுக்கு, இரவிலும் மென்மையான பிரா அணிவது வலியைக் குறைக்கும். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோரின் தோல் வெயிலில் கன்றியதுபோல் சிவந்து எரியும். சிகிச்சை முடிந்த பின்னும் ஓரிரு வாரங்கள் இது கூடுதலாகவே இருக்கலாம். அந்நாட்களில் வீட்டிலிருக்கும்போது பிராவைத் தவிர்த்துத் தளர்ந்த பருத்திப் பனியன் அணியலாம். நம் ஊர் வெப்பத்தில் வியர்வை தேங்கினால் எரிச்சல் மிகும். உள்ளாடையை அடிக்கடி மாற்றுங்கள். நைலான், லேஸ் வகைகள் வேண்டா.

எப்படிப்பட்டதைத் தேர்வது?

காயம் ஆறிய பின் கடைக்குச் செல்லும்போது கீழ்க்கண்டவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

தோள்பட்டி அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய பட்டி தோளில் பதிந்து அழுத்தும். அக்குள் கணுக்கள் நீக்கப்பட்டவர்களுக்குக் கையிலும் மார்பிலும் நிணநீர் தேங்கி வீக்கம் ஏற்படும் வாய்ப்புண்டு. அவர்கள் தோலில் பள்ளம் விழும்படியான எந்த இறுக்கத்தையும் தவிர்க்க வேண்டும்.

மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை அகலமாக இருக்க வேண்டும். பாரத்தைத் தாங்குவது இப்பட்டையே, தோள்பட்டி அன்று. பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். கழற்றியபின் சிவந்த கோடு நெடுநேரம் மறையாதிருந்தால் அது இறுக்கம் என்று பொருள்.

கிண்ணம் மார்பு முழுவதையும் மூடி, கழுத்துப் பக்கமும் அக்குள் பக்கமும் உயர்ந்திருக்க வேண்டும். இதனால் தழும்பு மறைவதுடன், உள்ளே வைக்கும் செயற்கை மார்பகமும் வெளியே எட்டிப் பார்க்காது. உட்புறத் தையல் தழும்பின் மேல் படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கம்பி வைத்த பிராவை, காயம் நன்றாக ஆறி மருத்துவர் அனுமதிக்கும் வரை தொடவே வேண்டா.

பழைய அளவை நம்பி வாங்காதீர்கள். சிகிச்சையினாலும் மருந்துகளினாலும் உடல் எடை கூடவோ குறையவோ செய்யும். மார்புக்குக் கீழே அளவு நாடாவைச் சுற்றிப் பட்டையின் அளவைக் காணலாம். ஒரு மார்பகம் மட்டும் இருப்பவர்கள், நெஞ்செலும்பின் நடுவிலிருந்து அந்த மார்பகத்தின் மிகுந்த பகுதி வழியாக முதுகெலும்பு வரை அளந்து, அதனை இரட்டிப்பாக்கினால் முழுச் சுற்றளவு கிடைக்கும். மகளோ சகோதரியோ வீட்டிலேயே அளந்து குறித்துக் கொடுக்கலாம். ஆண் விற்பனையாளரிடம் விளக்கிக் கூச வேண்டியதில்லை.

இடமும் வலமும்

செயற்கை மார்பகங்கள் இன்றைய நிலைக்கு வந்ததில் ஒரு நோயாளிப் பெண்மணிக்குப் பங்குண்டு. பார்பி பொம்மையை உருவாக்கிய அமெரிக்கரான ரூத் ஹேண்ட்லர், 1970-இல் மார்பக அறுவை செய்துகொண்டார். அன்று கிடைத்த செயற்கை மார்பகங்கள் வடிவமற்றவையாய், இடத்திற்கும் வலத்திற்கும் வேறுபாடின்றி இருப்பதைக் கண்டு மனம் நொந்தார். காலணிக்கே இடமும் வலமும் இருக்க, இதற்கு இல்லாமற்போனது ஏன்? அதே பத்தாண்டில், இரு பக்கங்களுக்கும் தனித்தனி வடிவில் சிலிக்கான் மார்பகங்களைத் தயாரித்து 'நியர்லி மீ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

அறுவை முடிந்த உடனே கனமான சிலிக்கானை வைக்கலாகாது. முதலில் பஞ்சு அல்லது நூலினால் ஆன இலேசான மென்பொதி போதும். சிலிக்கான் வகையைப் பொதுவாக 6 முதல் 8 வாரங்களுக்குப் பின், காயம் ஆறியதும் பொருத்துவார்கள். கதிர்வீச்சுப் பெற்றவர்கள் மேலும் பொறுக்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் பாரமும் மறுபக்கம் வெறுமையுமாக நெடுநாள் இருந்தால் சிலருக்குத் தோளும் கழுத்தும் வலிக்கும். மறு மார்பகத்திற்கு ஈடான எடையுள்ள சிலிக்கான் அதனைச் சமன்படுத்த உதவும்.

சிலிக்கான் விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். வசதியற்றோர் மனந்தளர வேண்டா. அமெரிக்காவில் 2011-இல் மார்பக அறுவை செய்துகொண்ட பார்பரா டெமொரெஸ்ட் என்பவர், பருத்தி நூலால் பின்னிய மென்பொதிகளை இலவசமாக வழங்கும் தொண்டைத் தொடங்கினார். 'நிட்டட் நாக்கர்ஸ்' என்ற அத்தொண்டு இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்த நம் பெண்மக்களுக்கு இது கைவராத வேலையா?

எந்த வகையாயினும் அது நழுவாதிருக்க, பிராவின் உட்புறம் பை தேவை. பையுடன் கூடிய பிராக்கள் கடைகளில் கிடைக்கின்றன. வழக்கமான பிராவிலும் பை தைத்துக்கொள்ளலாம். மெல்லிய பருத்தித் துணியைக் கிண்ணத்தின் அளவிற்கு வெட்டி, உட்புறம் வைத்து, அக்குள் பக்கம் மட்டும் திறப்பு விட்டுச் சுற்றிலும் தையுங்கள். தையலின் விளிம்பு தோலை நோக்காமல் பொதியை நோக்கி இருக்கட்டும்.

சிலிக்கானை நாள்தோறும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவித் துடைத்து, அதற்குரிய பெட்டியில் வையுங்கள். தலைத்துணிக்கும் முந்தானைக்கும் ஊக்குக் குத்தும் நம் வழக்கத்தில் ஓர் எச்சரிக்கை: ஊக்கின் முனை பட்டால் சிலிக்கானில் துளை விழும். மார்பருகே குத்தாதீர்கள். கடமையான குளிப்பின்போது செயற்கை மார்பகத்தைக் கழற்றிவிட்டுத் தோல் முழுதும் நீர் படுமாறு குளிக்க வேண்டும்.

தொழுகையே நல்ல சோதனை

புதிய பிராவை வாங்கியதும் கண்ணாடி முன் நின்று பார்த்தால் போதாது. வீட்டில் அணிந்து இரண்டு ரக்அத் தொழுது பாருங்கள். ருகூவில் குனியும்போது பொதி முன்னே தொங்குகிறதா? ஸஜ்தாவில் மேலே ஏறுகிறதா? நிமிரும்போது பட்டை மேலேறித் தழும்பை உரசுகிறதா? இவை ஏதுமில்லையெனில், வீட்டு வேலைக்கும் பயணத்திற்கும் அது தாங்கும். ஆதலால் மாற்றித் தரும் கடையாகப் பார்த்து, சீட்டைப் பத்திரப்படுத்தி வாங்குங்கள்.

வீண் பழி வேண்டா

'இறுக்கமான பாடி அணிந்ததால்தான் உனக்கு இந்நோய் வந்தது' என்று பேசும் வாய்களும் உண்டு. 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூல் இக்கருத்தைப் பரப்பியது. ஆனால் சியாட்டில் நகரின் ஃபிரெட் ஹட்சின்சன் ஆய்வு மையம் ஏறத்தாழ 1,500 பெண்களிடம் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவில், பிரா அணிவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. கம்பி வைத்ததா இல்லையா, நாளில் எத்தனை மணிநேரம் அணிந்தார்கள் என்பவற்றாலும் வேறுபாடு இல்லை. நோயுற்ற பெண்ணின் மீது குற்ற உணர்வையும் சுமத்தாதீர்கள்.

அதே வேளை, உள்ளாடையின் உறுத்தல் என்று ஒதுக்கிவிடக் கூடாதவையும் உண்டு. கை வீங்குதல், தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வருதல், தழும்பில் நீர் கோத்தல் அல்லது கசிதல், புதிய கட்டி ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள். மருத்துவரிடம் பேசக் கூச்சமெனில் செவிலியரிடம் தொடங்குங்கள்.

குடும்பத்தாருக்கு

கணவன்மார்களும் இதனைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். 'உயிர் பிழைத்ததே பெரிது' என்பது உண்மைதான். அந்த உயிர் உடலுக்குள் இருக்கிறது. அவ்வுடல் தினமும் குனிகிறது, நிமிர்கிறது, வியர்க்கிறது, நோகிறது. மருந்துச் சீட்டுடன் இரண்டு நல்ல உள்ளாடைகளுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஜமாஅத்துகள் நடத்தும் தையல் வகுப்புகளில் பை வைத்த பிராவும் மென்பொதியும் தைக்கக் கற்பித்தால், ஏழைச் சகோதரிகளுக்கு அது நிலையான தர்மமாகும்.

முதலில் குறிப்பிட்ட சகோதரிக்கு அவருடைய மகளே பை தைத்துக் கொடுத்தாள்; பொதியை நாங்கள் இருவரும் பின்னினோம். முதலில் செய்தது சிறிதாகிப் போயிற்று; இரண்டாவது பொருந்தியது. அடுத்த ரமளானில் இருபது ரக்அத்தும் வித்ரும் முடியும் வரை அவர் முதல் ஸஃப்பில் நின்றார். தொழுகை முடிந்து துப்பட்டாவை மடித்தபடி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

நோயுற்ற சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.