மாற்றாந்தாய் எங்கிருந்து வந்தாள்?

வேதியியல் படிக்கிறவளுக்குக் கதை ஆராய்ச்சி எதற்கு என்று தோழியர் கேட்கக்கூடும். ஆய்வுக்கூடத்தில் கரைசலில் வீழ்படிவு தோன்றினால், எதைச் சேர்த்ததால் வந்தது என்று பார்க்கிறோம் அல்லவா? அதே வேலையைத்தான் இங்கே சில கதைகளுக்குச் செய்து பார்த்திருக்கிறேன்.

மேலைநாடுகளில் பதின்ம வயதினருக்காக எழுதப்படும் நாவல்களில் ஒரு தனி வகை பெருகியிருக்கிறது. பழைய தேவதைக் கதைகளை எடுத்து, அவற்றின் இருண்ட பக்கத்தைக் காட்டி மறுபடி சொல்லும் வகை அது. மரிஸ்ஸா மேயரின் ‘சிண்டர்’ (2012) நாவலில் சிண்ட்ரெல்லா பாதி மனுஷி, பாதி இயந்திரம். கொள்ளைநோய் பரவிய நகரில் பழுது பார்த்துப் பிழைக்கிறாள். ஜெனிபர் டானலியின் ‘ஸ்டெப்சிஸ்டர்’ (2019), சிண்ட்ரெல்லாவை விட்டுவிட்டு, கண்ணாடிச் செருப்புக்குள் கால் நுழைய வேண்டித் தன் விரல்களையே வெட்டிக்கொண்ட சகோதரியின் பின்னால் போகிறது. செரீனா வாலண்டினோவின் ‘ஃபேரஸ்ட் ஆஃப் ஆல்’ (2009), ஸ்னோ ஒயிட்டின் மாற்றாந்தாயான அரசியின் கதை. அன்போடு வந்தவள் எப்படிக் கொடியவள் ஆனாள் என்று சொல்கிறது.

குழந்தைக் கதையில் இவ்வளவு இரத்தமா என்று முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் விரலை வெட்டியது டானலியின் கற்பனை அன்று. செருமனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த சிண்ட்ரெல்லா கதையிலேயே ஒருத்தி கால்விரலையும் மற்றவள் குதிகாலையும் அறுத்துக்கொள்கிறாள். பிரான்சில் பெரோ 1697-இல் வெளியிட்ட சிவப்புக் குல்லாய்க் கதையில் ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதை முடிந்துவிடுகிறது. வயிற்றைக் கிழித்து அவளை மீட்க எவரும் வருவதில்லை. அதற்காகப் பழையதெல்லாம் இருட்டு என்றும் எண்ணிவிடக் கூடாது. அதே பெரோவின் சிண்ட்ரெல்லா தன் சகோதரிகளை மன்னித்து, நல்ல இடத்தில் மணமும் முடித்து வைக்கிறாள்.

என்னை நிறுத்திய செய்தி வேறு. கிரிம் சகோதரர்களின் முதற்பதிப்பு 1812-இல் வந்தது. அதில் ஸ்னோ ஒயிட்டைக் காட்டுக்கு அனுப்பிக் கொன்றுவரச் சொல்பவள் மாற்றாந்தாய் அல்லள். பனிபோல் வெண்மையான குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெற்ற தாயேதான். 1819-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் அந்தத் தாய் இறந்துவிடுகிறாள். அவள் இடத்துக்கு ஒரு மாற்றாந்தாய் வருகிறாள். ஹான்சல், கிரெட்டல் என்னும் இரு குழந்தைகளின் கதையும் அப்படியே. நாட்டில் பஞ்சம்; வீட்டில் எல்லோருக்கும் போதுமான ரொட்டி இல்லை; பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடுவோம் என்கிறாள் தாய். 1840-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளும் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். 1857-இல் ஏழாம் பதிப்பு வரும்வரை இப்படித் திருத்தங்கள் நடந்தன. அறிஞர்களுக்கென்று தொகுத்த நூல் குழந்தைகளுள்ள வீடுகளுக்குள் போகத் தொடங்கியபோது, பெற்ற தாயைக் குற்றவாளியாக நிறுத்த மனம் வரவில்லை. கொடுமையை நீக்கவில்லை, அதைச் செய்தவளைத்தான் மாற்றினார்கள்.

இதைப் படித்தபோது என் சித்தியின் நினைவு வந்தது. என்னைப் பெற்றவர் முகம் எனக்கு நினைவில்லை. வளர்த்தது சித்திதான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாண்டுச் செலவுக்கு இரண்டு ஆடுகளை விற்றுப் பணம் கொடுத்தவர் அவர். ஆனால் பள்ளி நாட்களில் எத்தனை பேர் என்னைத் தனியே அழைத்து, “சித்தி சோறு போடுதா?” என்று கேட்டிருக்கிறார்கள்! ஒருநாள் தம்பி ஒரு கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ‘கொடிய சிற்றன்னை’ என்ற இடம் வந்ததும் சித்தி பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். தம்பி அவர் பெற்ற பிள்ளை.

தமிழ்நாட்டில் நல்லதங்காள் கதையை அப்படித் திருத்தவில்லை. பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு வந்தவள், அண்ணி மூளி அலங்காரி சோறு மறுக்க, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். போட்டவள் பெற்ற தாய்தான். கதை அதை மறைக்கவில்லை. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகே அவளுக்குக் கோயிலும் உண்டு. பழி முழுவதும் அண்ணிமேல் விழுந்தது என்பது வேறு விஷயம்.

அந்த நாவலாசிரியர்கள் இன்று செய்வதைப் புதுமைப்பித்தன் 1943-இலேயே ‘சாப விமோசனம்’ சிறுகதையில் செய்துவிட்டார். இராமன் பாதம் பட்டு அகலிகை எழுந்தாள் என்பதோடு நாம் மங்களம் பாடிவிடுவோம். அவர் அதற்கு மேல்தான் தொடங்குகிறார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவனும் அதே இராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். அந்தக் கதையில் கைகேயியும் வருகிறாள், வசைக்குரியவளாக அன்று, வருந்துகிறவளாக. அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே வடமொழியில் பாசனின் ‘பிரதிமா’ நாடகம் கைகேயிக்காக வாதாடியிருக்கிறது. பதினான்கு நாள் என்று கேட்க நினைத்தவள் மனக்குழப்பத்தில் பதினான்கு ஆண்டு என்று சொல்லிவிட்டாளாம்! நம் இராமாயணத்துச் சிற்றன்னைக்கு இப்படி ஒரு வக்கீல் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஹான்சல் கதையின் இரண்டு பதிப்புகளையும் ஒரு மாலை சித்திக்குச் சொன்னேன். கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்டார். முதலில் பெற்ற தாயாக இருந்தவளைப் பிறகு மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள் என்று நான் பெரிதாகச் சொன்னதற்கு அவர் ஒன்றும் வியக்கவில்லை.

“அதெல்லாம் சரி. அந்தப் புள்ளைகளோட அப்பன் எங்க போயிருந்தான்?” என்றார்.

நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை. மீண்டும் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அவன் எங்கும் போகவில்லை. மனைவியின் யோசனைக்கு இணங்கி, அவளோடு சேர்ந்து பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போனவனே அவன்தான். கடைசியில் பிள்ளைகள் திரும்பி வந்து கட்டிக்கொள்வதும் அவனைத்தான். 1812 முதல் 1857 வரை எல்லாப் பதிப்புகளிலும் அவன் பெற்ற தகப்பனாகவே இருக்கிறான்.