பிளான் போட ஆள் வேண்டுமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள், "வீட்டை வரைந்து பார்" என்று சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, மனை வாங்கியதும் நாம் தேடிப் போவது கொத்தனாரை. படம் வரைபவரை அல்ல.

சங்கரன்கோவிலில் யாராவது வீடு கட்டத் தொடங்கட்டும். முதலில் வந்து நிற்பவர் மேஸ்திரிதான். "பிளான் எதுக்கு அண்ணாச்சி? ரூமு எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க. கயித்தப் பிடிச்சு நான் போட்டுத் தாரேன்" என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அப்படிக் கயிறு பிடித்து எழுந்த வீடுகள் நம் தெருக்களில் எத்தனையோ உண்டு. கயிறு பிடிப்பது நேற்று வந்த வழக்கமும் அன்று. கட்டடக் கலை வல்லவர்கள் நடுப்பகலில் கோல் நட்டுத் திசை அறிந்து, கயிறிட்டு அரண்மனை வகுத்த செய்தியைச் சங்க நூலான நெடுநல்வாடையிலேயே காண்கிறோம்.

அப்படியானால் டிராப்ட்ஸ்மேன் என்னும் வரைவாளருக்குப் பணம் கொடுப்பது வீண் செலவா?

இருபது அடி மனையின் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் வெளி அகலம் 20 அடி. பத்தடியில் இரண்டு அறைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்று நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுவிடுகிறோம். வருமா? வராது! இரு பக்கச் சுவர்களும் நடுச் சுவருமாக மூன்று சுவர்கள். ஒவ்வொன்றும் 9 அங்குலம் என்றால் 27 அங்குலம், அதாவது 2 அடி 3 அங்குலம், சுவருக்கே போய்விடும். மிச்சம் 17 அடி 9 அங்குலம்தான். அறை ஒன்றுக்கு ஒன்பது அடிகூடத் தேறாது. மனையடி சாஸ்திரம் பார்ப்பவராக இருந்தால் அன்று இரவு தூக்கமும் போய்விடும்.

மாடிப்படியின் கதை இன்னும் மோசம். தரையிலிருந்து மாடித் தளம் வரை பத்தரை அடி. படி ஒன்றின் உயரம் 7 அங்குலம் என்றால் 18 ஏற்றங்கள் வேண்டும். கால் வைக்கும் பலகை 10 அங்குலம் என்று கொண்டால், நேராக ஏறும் படிக்கு 14 அடிக்கு மேல் நீளம் தேவை. "படியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள் வீட்டில்தான் தலை இடிக்கும் படியும், ஏணி போன்ற படியும் வந்து சேர்கின்றன. கட்டிய சுவரை இடித்தால் கொத்தனாருக்கு இரண்டு கூலி: கட்டியதற்கு ஒன்று, இடித்ததற்கு ஒன்று. படத்தில் தவறு தெரிந்துவிட்டால் அந்த இரண்டும் மிச்சம்.

அனுமதி வேறு, படம் வேறு

"இப்போதுதான் அனுமதி சுலபமாகக் கிடைக்கிறதே, படம் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ, அதன்மேல் ஒரு மாடியுமோ கொண்ட குடியிருப்பு வீடு கட்ட, உரிமையாளரே சான்றளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. ஆகவே நம் ஊரில் சாதாரணக் குடும்பங்கள் கட்டும் பல வீடுகள் இதற்குள் அடங்கிவிடும்.

நல்ல வசதிதான். ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பும் நம் தலையில்தான் என்று பொருள். பழைய முறையில், "இந்தப் பக்கம் இடம் விடவில்லையே" என்று தடுக்க அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். இப்போது அந்தக் கண்ணும் இல்லை. அப்படியிருக்க, நம் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு கண்ணாவது வேண்டாமா?

கரிசல் கேட்கும் கேள்வி

வரைவாளர் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அதுவும் இல்லை.

கோமதி அம்மன் சந்நிதியில் புற்று மண்ணையே பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஊர் இது. மண்ணின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில் ஓரிடத்தில் செம்மண்; கிழக்கே கோவில்பட்டிப் பக்கம் போகப் போகக் கரிசல். கரிசல் மண் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊறி உப்பும். அதன்மேல் நிற்கும் வீடும் அதனுடன் சேர்ந்து அசையும். கொஞ்ச காலத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். எத்தனை முறை பூசினாலும் அது திரும்ப வரும்.

அங்கே அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எந்தக் கம்பி, எத்தனை தூண் என்பதைப் படம் வரைபவர் முடிவு செய்யக் கூடாது. அது பொறியாளரின் வேலை. அடியில் குடம்போல் அகன்ற கான்கிரீட் கால்களை மண்ணுக்குள் இறக்கும் முறையை, ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் நிலத்துக்கென்றே ஆராய்ந்து பரப்பியது. அது உங்கள் மனைக்குத் தேவையா, சாதாரண அஸ்திவாரமே போதுமா என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவரே.

யாருக்கு எந்த வேலை?

பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு சிவில் டிராப்ட்ஸ்மேன் படிப்புப் படித்தவர், நாம் சொல்வதை அளவு பிசகாமல் படமாக்கித் தருவார். அன்று டி-ஸ்கொயரும் டிரேசிங் தாளும், இன்று கணிப்பொறி. அவ்வளவுதான் வித்தியாசம். "ஆர்க்கிடெக்ட்" என்ற பட்டம் மட்டும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்களுக்கே உரியது.

இருக்கும் வீட்டோடு ஓர் ஓட்டுச் சாய்ப்பு இறக்க மேஸ்திரியே போதும். புதிதாகத் தளம் போட்ட வீடு என்றால் வரைவாளர் அவசியம். கரிசல் நிலமோ, மாடியோ என்றால் பொறியாளரும் வேண்டும். மனையைக் கண்ணால் பார்க்காமலே கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன் என்பவர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

வரைவாளரிடம் தரைப்படம் ஒன்றோடு திருப்தி அடைய வேண்டாம். வெட்டுத் தோற்றம், கதவு ஜன்னல் அளவு, கழிவுநீர்த் தொட்டி, 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றின் இடம் எல்லாம் கேட்டு வாங்குங்கள். நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். பிற்காலத்தில் வீட்டோடு விசைத்தறி போடும் எண்ணம் இருந்தால் அதை இன்றே சொல்லிவிட வேண்டும். தறி ஆடும் சுவரை ஒட்டிக் குழந்தையின் தொட்டிலைக் கட்ட முடியுமா?

கடைசியாக ஒரு யோசனை. படம் கைக்கு வந்ததும் வானம் தோண்ட ஆள் விடாதீர்கள். சுண்ணாம்புப் பொடியால் அதை முழு அளவில் மனையிலேயே கோடு போடச் சொல்லுங்கள். ஒரு கட்டிலைக் கொண்டுபோய்ப் போடுங்கள். வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நின்று பார்க்கட்டும். ஆச்சி கட்டிலிலிருந்து எழுந்து குளியலறை வரை நடந்து பார்க்கட்டும். "இது ரொம்பத் தூரம்லா இருக்கு" என்று அவர் சொன்னால், அன்று அழிக்க வேண்டியது ஒரு சுண்ணாம்புக் கோடு மட்டுமே.