பாட்டின் வேகமும் விளக்கின் கணக்கும்

திரைப்படப் பயிற்சி நிறுவனங்களிலும் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளிலும் மாணவர்கள் எடுக்கும் இசைக் காணொளிகளில் ஒளியமைப்பு, ஒளிப்பதிவு மாணவர் ஒருவரின் தனிப் பொறுப்பாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் பாடல் படப்பிடிப்பின் இயல்பை நுணுகிப் பார்த்தால், விளக்கு எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு எரிய வேண்டும் என்பனவற்றை ஒலிப்பிரிவும் நடனப் பிரிவும் ஒப்பனைப் பிரிவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது விளங்கும். முதன்மை ஒளி, நிரப்பொளி, பின்னொளி ஆகியவற்றின் இலக்கணம் சென்ற பகுதியில் விளக்கப்பட்டது. அந்த இலக்கணம் பலருடைய கைகளில் எவ்வாறு செயலாகிறது என்பதே இப்பகுதியின் பொருள்.

பாடலைத் தளத்தில் ஒலிக்கவிட்டு, கலைஞர் அதற்கேற்ப வாயசைக்கப் படம்பிடிப்பது எல்லாரும் அறிந்த முறை. முன்னாளில் பயன்பட்ட சுவிட்சர்லாந்து ஒலிப்பதிவுக் கருவியின் பெயரைக் கொண்டு தமிழ்த் திரையுலகினர் இதனை 'நாகரா' என்றே அழைத்து வந்தனர். உதட்டசைவு பாடலோடு பொருந்த, உடலசைவு மட்டும் மெதுவாகத் தெரிய வேண்டுமானால், நொடிக்கு 24 ஃப்ரேம்களுக்குப் பதிலாக 48 ஃப்ரேம்கள் எடுத்து, நாகராவில் பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். பின்னர் 24 ஃப்ரேம் வேகத்தில் ஓட்டும்போது உதடு பாடலின் இயல்பு வேகத்துக்கு வந்துவிட, கூந்தலும் துணியும் பாதி வேகத்தில் மிதக்கும். விளக்குக்குப் பொறுப்பானவரும் இக்கணக்கை அறிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தாள அடிகள் கொண்ட பாடலில் அடிக்கொருமுறை விளக்கு மின்ன வேண்டுமெனில், இயல்பு வேகத்தில் அரை நொடிக்கு ஒருமுறை மின்னும் அவ்விளக்கு, இப்போது கால் நொடிக்கு ஒருமுறை மின்னியாக வேண்டும். ஒலிப்பிரிவு மாணவர் வேகத்தை மாற்றியதை விளக்குப் பிரிவுக்குச் சொல்லத் தவறினால், திரையில் ஒளி இரண்டு அடிக்கு ஒருமுறையே மின்னும். படத்தொகுப்பில் அதைச் சரிசெய்வது எளிதன்று. மேலும் 48 ஃப்ரேம்களில் ஒவ்வொன்றின் மீதும் ஒளிபடும் நேரம் பாதியாகிவிடுவதால், விளக்கின் ஒளியை இருமடங்காக்க வேண்டும், அல்லது லென்ஸின் துளையை ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். ஒளியளவை இருமடங்காக்கும் அல்லது பாதியாக்கும் மாற்றமே ஒரு ஸ்டாப் எனப்படுகிறது. துளையைத் திறந்தால் குவியம் தெளிவாக இருக்கும் ஆழம் குறைந்து, ஃபோகஸ் பார்க்கும் உதவியாளரின் வேலை கடினமாகும். ஆகவே பாட்டின் வேகம் பற்றி ஒலிப்பிரிவில் எடுக்கப்படும் ஒரு முடிவு, நால்வர் கைகளைக் கடந்தே படமாகிறது.

மின்சாரக் கணக்கும் இவ்வாறே பகிரப்பட வேண்டியது. கல்லூரி அரங்கின் 15 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,450 வாட் வரையே தாங்குமாதலால், 2 கிலோவாட் விளக்குகள் இரண்டை ஒரே இணைப்பில் மாட்டக் கூடாது. எதை எங்கே மாட்டுவது என்னும் அதிகாரம் ஒருவரிடம் மட்டுமே இருப்பது உயிர்ப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது. இந்திய மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் அளவினதாகையால், பழைய சோக் பொருத்திய டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இத்துடிப்பு கேமராவில் பதிந்துவிடாதிருக்க, ஷட்டர் கோணத்தை, அதாவது ஒளிபடும் நேரத்தைக் குறிக்கும் அளவை, வழக்கமான 180 பாகையிலிருந்து 172.8 பாகைக்கு மாற்றுகின்றனர். அப்போது 24 ஃப்ரேமில் ஒளிபடும் நேரம் நொடியில் 50இல் ஒரு பங்காகவும், 48 ஃப்ரேமில் 100இல் ஒரு பங்காகவும் அமைந்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும் முழுத் துடிப்புகளே அடங்குகின்றன.

ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒளி, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. விளக்கிலிருந்து 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் அவர்மேல் விழும் ஒளி கால் பங்காகிவிடும். 4 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு நகர்ந்தாலோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஞ்சும். ஆடுபவர் எத்தனை அடி முன்னும் பின்னும் போவார் என்பதை நடனம் அமைப்பவர் முன்னரே சொல்லிவிட்டால், விளக்கு தொலைவில் நிற்க வேண்டுமா, அருகில் நிற்கலாமா என்பது ஒத்திகையிலேயே தெளிந்துவிடும்.

தோலின் நிறம் இன்னும் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. கரிய முகத்தின் வடிவத்தைக் காட்டுவது, அதன்மேல் கொட்டப்படும் ஒளியின் அளவைவிட, அத்தோலில் பிரதிபலிக்கும் பரப்பின் அளவேயாகும். அகன்ற தெர்மாகோல் அட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியும், ஸ்கிம்மர் எனப்படும் சட்டமிட்ட வெண்துணி வழியாக வடிந்து வரும் ஒளியும் கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய மினுமினுப்பை உண்டாக்குகின்றன. ஒப்பனை செய்பவர் அம்மினுமினுப்பை வியர்வையென்று கருதிப் பவுடரால் மறைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். உடைப் பிரிவினர் பளிச்சென்ற வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டால், சட்டைக்காக ஒளியைக் குறைப்பதா முகத்துக்காகக் கூட்டுவதா என்னும் இடர்ப்பாடு எழும். இதற்கு அஞ்சி முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. மாணவர்கள் அதனைப் பின்பற்றாதிருப்பது, அழகியலைக் கடந்து, படம்பிடிக்கப்படுபவருக்குச் செய்ய வேண்டிய நேர்மையுமாகும்.

பிரிவுகளுக்கிடையிலான இத்தகைய நெருக்கத்திலிருந்து புதிய முறைகளே பிறந்துள்ளன. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீடொன்றின் உள்முற்றத்தைத் திறந்தவெளியில் அமைக்க எண்ணியிருந்த கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா, மழைக்கு அஞ்சி அதனைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் அமைத்தார். வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளி அங்கே கிடைக்காதென்று கவலையுற்ற ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, முற்றத்தின் மேல் வெண்துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் பாய்ச்சி, திரும்பி விழும் ஒளியில் படம்பிடித்தார். ஒருவருடைய கட்டாயத்தை மற்றவர் தம் சிக்கலாக ஏற்றுக்கொண்டதால் அமைந்த ஒளி அது.

மாணவர் குழுக்களில் இந்நெருக்கம் உண்டாவதற்கு உதவி இயக்குநரின் அட்டவணை பெரிதும் துணைசெய்யும். பாடலை வரி வரிசையில் எடுப்பதைவிட, விளக்குகள் ஒரு திசையில் நிற்கும்போது அத்திசைக்குரிய எல்லா வரிகளையும் முடித்துவிட்டு, பிறகே விளக்குகளைத் திருப்புவது நேரத்தைக் காக்கும். அதற்குப் பல்லவியின் ஷாட்டும் இரண்டாம் சரணத்தின் ஷாட்டும் ஒரே ஒளியைக் கேட்கின்றனவா என்பதை ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் முதல்நாளே தாளில் குறித்து, அத்தாளின் படியை ஒவ்வொரு பிரிவுக்கும் கொடுத்துவிட வேண்டும்.