தும்பறை மலையைச் சுற்றி

மலையொன்றை அறிய விரும்புவோன் அதன் உச்சியில் ஏறினாற் போதாது. அதனைச் சுற்றியும் வரவேண்டும். இவ்வுண்மையைத் துவிச்சக்கர வண்டியிற் செல்வோனுக்கு நன்கு உணர்த்துவது இலங்கையின் தும்பறை மலைத்தொடராகும். மூடிய கையின் விரற்கணுக்களைப்போற் சிகரங்கள் நிரையாக நிற்றலின், ஆங்கிலேயர் இதனை நக்கிள்ஸ் என்றனர்.

பயணத்தை மாத்தளையில் தொடங்கி, மூன்று நாட்களாக வகுத்துக்கொள்ளுதல் நன்று. இரத்தோட்டை வரை மிளகும் கொக்கோவும் நிழல் தரும். அதன்பின் பாதை கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீற்றரைக் கடந்து றிவஸ்டன் கணவாயை அடையும். ஏற்றத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதில் இழிவொன்றுமில்லை. ஓயாத காற்றினால் அங்கே மரங்கள் குறுகி, பாசி போர்த்து நிற்கின்றன. அப்பால் உள்ளது பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி. பாறையின்மேல் மண் மெல்லிய படையாகவே இருத்தலின் பெருமரங்கள் அங்கு வேரூன்ற இயலவில்லை.

கணவாயைக் கடந்ததும் நிலம் மாறுவதேன்? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகின்றது. கிழக்குச் சரிவோ வடகீழ்ப் பருவ மழையையே பெரிதும் நம்பியுள்ளது. ஆதலின் சில மணி நேரத்தில் குளிர்ந்த மலைக்காட்டிலிருந்து உலர்வலயக் காட்டுக்கு வந்துவிடலாம்.

இலுக்கும்புறையின் படிவயல்களைத் தாண்டினால் லக்கல பகுதி வரும். பழைய பல்லேகம நகர் களுகங்கை நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. மக்கள் புதிய நகரிற் குடியேறினர். ஹெட்டிப்பொல வழியாக ஹசலக்க வரையுள்ள பாதை சமதரை. எனினும் யானைகள் நடமாடும் இடமாதலின் வைகறையிலும் அந்தியிலும் செல்லலாகாது. பின்னர் 18 வளைவுகளைக்கொண்ட ஏற்றம் தொடங்கும். உடதும்பறை, ஹுன்னஸ்கிரிய கடந்து இறங்கினால் தெல்தெனிய. 1985 இல் திறக்கப்பட்ட விக்ரோறியா நீர்த்தேக்கம் இங்கும் ஒரு பழைய நகரை மூடியுள்ளது. கண்டி, அக்குறணை வழியாக மாத்தளையை மீண்டும் அடைந்தால் வட்டம் நிறைவுறும்.

இவ்வட்டத்தினுள்ளே ஒரு வினா அடங்கியுள்ளது. இம்மலையின் நீரே அம்பன் கங்கை வழியாகப் பொலன்னறுவை வயல்களுக்குப் பாய்கின்றது. காடு அழியின் அவ்வயல்களும் வாடும். காட்டின் உயர்பகுதி 2000 ஆம் ஆண்டில் பேணற்காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையிலும் இடம்பெற்றது. ஆனால், அம்மரநிழலில் ஏலம் பயிரிட்டும் விறகெரித்து அதனை உலர்த்தியும் வாழ்ந்தவர் பலர். காட்டைக் காத்தமை நீதியே. அதன் விலையை மலைக்கிராமத்தார் மட்டுமே செலுத்துவது நீதியாகுமா?

இவ்வினாவுக்கு முழு விடையளிக்கப் பயணியால் இயலாது. எனினும் சிறிது உதவ இயலும். மோட்டார் வண்டியில் விரைவோர் கிராமத்தைப் புழுதியாகவே காண்பர். மெல்லச் செல்பவனோ அங்கே உண்பான், உறங்குவான், அம்மக்களின் மிளகையும் தேனையும் விலைகொடுத்து வாங்குவான். பெருமழைக்குப்பின் மண்சரிவு நேர்ந்துள்ளதா என்பதையும் அவர்களிடமே கேட்டறிவான். காடு நிற்பதால் தமக்கும் வாழ்வுண்டு என்று அக்கிராமத்தார் காணும் நாளில், காட்டுக்கு அவர்களினும் சிறந்த காவலர் இரார்.