சாவு வீட்டிலிருந்து கிளம்பிய கொண்டாட்டப் பாட்டு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவை நாம் எந்தத் தலைவரின் பெயரிலும் நடத்தவில்லை. காவாந்தண்டலத்திலும் சுற்றியுள்ள சேரிகளிலும் சாவு வீடுகளில் ஒப்பாரி பாடி, பிறகு தாங்களும் மறைந்துபோன நம் தாய்மார்களின் நினைவாக நடத்துகிறோம். அவர்களின் பெயர்களைத் தொகுத்து அழைப்பிதழில் போடலாம் என்று முயன்றோம். மூன்று தலைமுறைக்கு மேல் போக முடியவில்லை. பாட்டு நினைவிருக்கிறது, பாடியவர் பெயர் நினைவில்லை. இந்தச் சங்கடத்தோடுதான், உலகமே ஆடித் தீர்த்த ஒரு பாட்டைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பாட்டு 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச் 7 அன்று யூடியூபில் வெளியானது. சினிமாப் பாட்டு அல்ல. தெருக்குரல் அறிவும் தீயும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு, அமித் கிருஷ்ணன் காட்சி இயக்கம். கொரோனாவில் ஊரே முடங்கி, மெல்ல வெளியே எட்டிப் பார்த்த நேரம். கல்யாண மண்டபத்தில் ஓடியது, பள்ளி ஆண்டு விழாவில் ஓடியது, ஷேர் ஆட்டோவில் ஓடியது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர்களும் ஆடி வீடியோ போட்டார்கள். பிரான்சின் டிஜே ஸ்னேக் அதை மறுகலவை செய்து வெளியிட்டார். யூடியூபில் மட்டும் 40 கோடிக்கும் மேல் பார்த்திருக்கிறார்கள்.

ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அது சாவு வீட்டுப் பாட்டின் பிள்ளை என்று தெரியும்? அந்தத் தாளமும், ஒருவர் இழுக்க மற்றவர் வாங்கிக்கொள்ளும் அழைப்பும் ஒப்பாரிக்குச் சொந்தமானவை. பாட்டு குதூகலமாகத் தொடங்குகிறது, போகப் போக அழுகைக்குள் இறங்குகிறது. மண்ணைத் திருத்தியவருக்கே அதன் பலன் சேராமல் போன கதையைச் சொல்கிறது. இதைத் திட்டமிட்ட சோகக் கலப்படம் என்று எழுதியவர்கள் உண்டு. நம் தெருவுக்கு ஒருமுறை வந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு பாடுகிறார்கள். ஒருத்தி அடி எடுக்கிறாள், மற்றவர்கள் முடித்து வைக்கிறார்கள். செத்தவரின் கதையோடு தன் கதையையும் சேர்த்துக்கொள்கிறாள்: பிறந்த வீடு, கட்டிக்கொடுத்த ஊர், குடிகாரப் புருஷன், நடவு நட்ட கழனி. வெளியே பறை. பறையின் முன்னால் இளைஞர்கள் ஆடுகிறார்கள். அழுகையும் ஆட்டமும் ஒரே வாசலில் நடக்கின்றன. 'துக்க வீட்டில் என்ன கூத்து' என்று ஊர்த்தெருவில் கேலி பேசுவார்கள். வாழ்நாள் முழுக்கக் குனிந்து நடந்த ஒருவர் நடுத்தெருவில் மேளதாளத்தோடு போகிற ஒரே நாள் அதுதான் என்பது அவர்களுக்குத் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

பறையை நாம் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் இல்லை. ஊர்ச்சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடி வாங்கியவர்கள் நம்மில் உண்டு. அது கலையா, அடிமை வேலையா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. நம் கருத்து: யாருக்காக, யார் சொல்லி அடிக்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது.

'சாமி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டன்மார் அந்தச் சொல்லைச் சொன்னது பெரும்பாலும் பண்ணையாரிடம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எட்டி நின்று சொன்னது. ஆனால் அதே வாய் வீட்டுக்குள் வந்ததும் பேரப்பிள்ளையைத் தூக்கி 'எஞ்சாமி' என்று கொஞ்சியது. ஒப்பாரியில் செத்தவரையும் அப்படித்தான் அழைக்கிறோம். மேலே பார்த்துச் சொல்ல வைத்த சொல்லைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள் நம் பெண்கள். அந்தக் காரியத்தைத்தான் இந்தப் பாட்டின் தலைப்பு உலகத்தின் காதில் போட்டது.

அறிவு நமக்குத் தொலைவானவர் அல்ல, அரக்கோணத்துப் பிள்ளை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் பாடி வளர்ந்தவர். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்த பெயர் அது. பாட்டுக்கு ஊற்று தன் பாட்டி வள்ளியம்மாள் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே திரும்பியவர் அந்தப் பாட்டி.

அந்தத் திரும்புதலின் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. 1948ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் பெட்டியும் பாயுமாகக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். இந்தச் செங்கல்பட்டுச் சீமையும் அதற்குக் குறைந்ததல்ல. இங்கே ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், நம் மக்களின் நிலையை எழுதி அனுப்பிய அறிக்கையின் பின்னால்தான் 1892ல் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடே வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காக 1994ல் காரணை மக்கள் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தார்கள். இரண்டு உயிர்கள் போயின. நிலம் போனவர்களின் பாட்டு இங்கே எல்லோருக்கும் புரியும்.

கடல் தாண்டியும் இதே கதை உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் கிளப்புக்குள் போக வழியில்லாத ஏழைக் கறுப்பின மக்கள், பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளியில் அடுக்கி இரவெல்லாம் ஆடினார்கள். ஆடிய இடத்தின் பெயரே இசைக்கும் பெயரானது: டான்ஸ்ஹால். 1970களின் கடைசியில் அது தனி வகையாகப் பிரிந்தது. அங்கேயும் 'ஒன்பதாம் இரவு' என்று சாவுச் சடங்கு உண்டு. இறந்தவருக்காக ஒன்பது இரவு கூடிப் பாடி ஆடுவார்கள், இன்று அதற்கும் ஒலிபெருக்கி வருகிறது. 1985ல் ஒரு சாதாரண காசியோ கீபோர்டில் இருந்த தாளத்தை எடுத்து 'ஸ்லெங் டெங்' என்று ஒரு பாட்டுப் போட்டார்கள், அந்த இசையின் போக்கே மாறியது. நம் காதுக்கும் அது புதிதல்ல. 1996ல் 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ரகுமான் இசையில் அப்பாச்சி இந்தியன் பாடியது ஏறக்குறைய இந்தப் பாணிதான். டேப் ரிக்கார்டர் வைத்திருந்த அண்ணன்மாருக்கு நினைவிருக்கும்.

அங்கேயும் கேள்வி தாளம் யாருடையது என்பதில் வந்து நின்றது. ஸ்டீலி, கிளீவி என்ற இரு ஜமைக்கர்கள் 1989ல் 'ஃபிஷ் மார்க்கெட்' என்று ஒரு தாளத்தை உருவாக்கினார்கள். ரெகேடான் என்று உலகம் கொண்டாடும் இசையின் முதுகெலும்பு அதுவே என்கிறார்கள். ஸ்டீலி இறந்துவிட்டார். கிளீவியும் ஸ்டீலியின் வாரிசுகளும் 2021ல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் அந்த வழக்கில் சிக்கின.

அதே 2021ல் இங்கே என்ன நடந்தது? டிஜே ஸ்னேக்கின் மறுகலவைக்காக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரம் வந்தது. அறிவின் முகம் அதில் இல்லை. ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதிப் பாடியவரும், ஷான் பாடிய 'நீயே ஒளி'யை எழுதியவரும் அறிவுதான். அட்டையில் அவர் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அவரை வைத்து இணைய அட்டை ஒன்று போட்டார்கள். 2022 ஜூலை 28ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. சில நாளில் அவர் எழுதினார்: மெட்டோ சொல்லோ யாரும் தனக்குத் தரவில்லை என்று. சந்தோஷ் நாராயணனும் பதில் எழுதினார்: மூவரின் கூட்டு உழைப்பு, வருவாயும் மூவருக்கும் சமம், விழா நாளில் அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்று. 2024 மார்ச்சில் அவரே, வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்றார். நிறுவனம் அதை மறுத்தது.

அந்த அறைக்குள் யார் எந்த வரிக்கு எவ்வளவு உழைத்தார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் அங்கே இருந்தவர்கள் அல்ல. தீயின் குரலையோ இசையமைப்பையோ குறைக்கவும் வரவில்லை. ஆனால் மூன்று சட்டகம், மூன்றிலும் ஒரே ஆள் விடுபடுகிறார் என்றால், அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நம் அனுபவம் குறைந்ததல்ல. கோயில் கட்டியவர் உள்ளே போக முடியாத ஊர்களில் பிறந்தவர்கள் நாம்.

சட்டம் அறிவுக்கு ஓரளவு துணை நிற்கும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இதைப் படைத்தவர் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். 2012 திருத்தம் பாடுகிறவருக்கும் அதைப் போன்ற உரிமையைக் கொடுத்தது. ஆனால் வள்ளியம்மாளைப் போன்ற லட்சம் பாட்டிகளுக்கு? ஒப்பாரிக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பெயர் இல்லாததற்கு உரிமை கேட்பார் இல்லை. 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரு வார்த்தை போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் நம் தோழர்கள் இந்த ஆண்டு செல்பேசியோடு வீடு வீடாகப் போனார்கள். பாட்டைப் பதிவு செய்வதற்கு முன் பாடுகிறவரின் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றார், தேதி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. செய்யாற்றங்கரைப் பக்கம் ஒரு பாட்டியிடம் பெயர் கேட்டபோது, "எம்பேரு இன்னாத்துக்குப்பா, செத்தவன் பேர எழுதிக்கோ" என்றார். அரை மணி நேரம் பேசிய பிறகு சொன்னார். தன் பெயரோடு, தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அத்தையின் பெயரையும் சொன்னார். அத்தையின் அம்மா பெயரை யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.