உங்கள் பெயரில் இன்னொரு ஆசாமி! உஷார்... உஷார்!

சென்னை,

காலையில் கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி ஏற்றுகிறீர்கள். போன் அடிக்கிறது. மறுமுனையில் பழைய சிநேகிதர்.

"என்னப்பா, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு எழுதியிருந்தே? இப்ப உடம்பு எப்படி இருக்கு? நீ கேட்ட 10 ஆயிரத்தை ராத்திரியே அனுப்பிச்சிட்டேன்!"

உங்களுக்குத் தலை சுற்றுகிறது. ஆஸ்பத்திரியா? 10 ஆயிரமா? கல்லாவைப் பூட்டிவிட்டு நேற்று 10 மணிக்கே படுத்தவர் ஆயிற்றே நீங்கள்!

பணம் கேட்டது நீங்கள் அல்ல. உங்கள் பெயரை வைத்துக்கொண்டு, உங்கள் போட்டோவை மாட்டிக்கொண்டு, இன்டர்நெட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆசாமி!

கைவரிசை எப்படி?

இந்தத் திருட்டுக்குப் பூட்டை உடைக்க வேண்டாம். ஓட்டைப் பிரிக்க வேண்டாம்.

பேஸ்புக்கில் உங்கள் பக்கத்தைத் திறக்கிறான். மகள் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு நிற்கிறீர்களே, அந்தப் படத்தை எடுத்துக்கொள்கிறான். அதே பெயரில் புதுக் கணக்கு ஒன்று தொடங்குகிறான். உங்கள் நண்பர்கள் பட்டியல் கதவு சாத்தாமல் கிடக்கிறது. அத்தனை பேருக்கும் அழைப்பு போகிறது.

"பழைய கணக்கு கெட்டுப்போச்சு. இது புதுசு" என்று ஒரு வரி. மறுநாள், "அவசரம், நாளைக்கே திருப்பித் தர்றேன்" என்று இன்னொரு வரி. நம்பியவர் பாக்கெட் காலி!

இதில் இன்னொரு தினுசும் உண்டு. "என் சிநேகிதர் சி.ஆர்.பி.எப். அதிகாரி. வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. கட்டில், சோபா, பிரிட்ஜ் எல்லாம் பாதி விலைக்குத் தருகிறார்" என்று தகவல் வரும். பணம் போனதும் ஆசாமி கம்பி நீட்டிவிடுவான். கட்டிலும் வராது. காசும் வராது.

நஷ்டம் சிநேகிதருக்கு. கெட்ட பெயர் உங்களுக்கு. பஜாரில் கடனுக்குச் சரக்கு கிடைப்பதே பெயரை நம்பித்தான். அந்தப் பெயரைத்தான் எவனோ ஒருவன் வாடகை கொடுக்காமல் பயன்படுத்துகிறான்!

உடனே என்ன செய்யலாம்?

முதலில் ஒரு விஷயம். போலிக் கணக்கு உங்கள் கண்ணில் படாமல் போகலாம். உங்களை மட்டும் 'பிளாக்' செய்துவிட்டு மற்றவர்களிடம் கைவரிசை காட்டுவது இவர்கள் வழக்கம். எனவே தகவல் சொன்ன சிநேகிதரிடமே அந்தக் கணக்கின் முகவரியையும், பேச்சு நடந்த பக்கத்தின் படத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் சாட்சி.

அடுத்து, அந்தப் போலிக் கணக்கின் மீது பேஸ்புக்கிடமே புகார் செய்யலாம். 'வேறொருவர் போல் நடிக்கிறார்' என்று சொல்ல அதில் தனி வழி இருக்கிறது. நீங்கள் மட்டும் செய்தால் போதாது. நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணத்தை இழந்தவரே செய்வது நல்லது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றால், பணம் நாலைந்து பாங்கு மாறி மாயமாகிவிடும். மத்திய உள்துறையின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம்.

3 ஆண்டு ஜெயில்

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-சி என்று ஒரு பிரிவு. பிறருடைய பாஸ்வேர்டு, மின்னணுக் கையெழுத்து போன்ற அடையாளங்களை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கம்ப்யூட்டர், செல்போன் மூலம் ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66-டி. அதற்கும் இதே அளவு தண்டனைதான்.

பழைய நம்பர் யார் கையில்?

சரி, நம் பக்கத்துத் தவறு என்ன?

பலர் சிம் கார்டை மாற்றுவார்கள். பழைய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் மெயிலும் பேஸ்புக்கும் பாங்கு கணக்கும் அந்தப் பழைய நம்பரிலேயே கட்டிக் கிடக்கும். இணைப்பைத் துண்டித்துக் குறைந்தது 90 நாள் கழித்து அதே நம்பரை கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் கணக்கைத் திறக்கும் ரகசிய எண் யாருடைய போனுக்குப் போகும்? யோசித்துப் பாருங்கள்!

நம்பர் மாற்றினால், முதல் வேலையாக எல்லாக் கணக்கிலும் புது நம்பரைக் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு இருக்கிறது என்பது தெரியுமா? மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் செல் நம்பரைக் கொடுத்தால் பட்டியலே வந்துவிடும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத நம்பர் அதில் இருந்தால், "இது என்னுடையது இல்லை" என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் 6 இலக்க எண் வந்து, "தப்பா உங்களுக்கு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்க சார்" என்று யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. மச்சான் பெயரில் கேட்டாலும் கூடாது! சொன்ன மறு நிமிடம் உங்கள் வாட்ஸ்அப் வேறு ஊரில் ஓடும். அதில் 'இரண்டாவது பூட்டு' ஒன்று இருக்கிறது. நாமே ஒரு ரகசிய எண் வைத்துக்கொள்ளலாம். இது கூடுதல் பாதுகாப்பு.

டைரியா, சுவரா?

அந்தக் காலத்தில் மனதில் உள்ளதை டைரியில் எழுதி டிரங்குப் பெட்டியில் வைப்பார்கள். இப்போது இன்டர்நெட்டில் எழுதுகிறார்கள். அது டைரி அல்ல. பஸ் ஸ்டாண்டு சுவர்! போகிறவன் வருகிறவன் எல்லாம் படிப்பான்.

"குடும்பத்தோடு திருப்பதி போறோம், வர 4 நாளாகும்" என்று வீட்டுப் படத்தோடு போட்டால், அது யாருக்கு அழைப்பு? பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், பிள்ளையின் பெயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, அதையே பாஸ்வேர்டாக வைத்தால் திருடனுக்கு வேலை சுலபம்.

வேறு பெயரில் எழுதினால்? தமிழில் அது புதிது அல்ல. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் என்ஜினீயராக இருந்த ரங்கராஜன், தன் மனைவியின் பெயரான 'சுஜாதா'வில் எழுதித்தான் புகழ் பெற்றார். இன்டர்நெட்டில் எழுத வந்த தமிழர்கள் பலரும் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். ஆபீசில் மேலதிகாரி பார்ப்பாரே என்ற கவலைதான்!

ஆனால் புனைபெயர் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்துதான் மறைக்கும். போலீசாரிடம் இருந்து மறைக்காது. செல் நம்பர், மெயில், இணைப்பு எண் என்று தடயம் பின்னாலேயே வரும். 66-ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட்டு 2015-ல் ரத்து செய்தது உண்மை. அதனால் யாரை வேண்டுமானாலும் திட்டலாம் என்று அர்த்தம் அல்ல. அவதூறு வழக்கு இப்போதும் உண்டு. 2 ஆண்டு வரை ஜெயிலும் உண்டு.

அழியாத பெயர்

எழுதியதை அழித்துவிடலாம் என்கிறீர்களா? அது அவ்வளவு சுலபம் அல்ல.

ஒரு கிரிமினல் வழக்கில் சிக்கி, 2014-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளையில் விடுதலை ஆனார் ஒருவர். விடுதலை ஆகி என்ன பயன்? அவர் பெயரைத் தட்டினால் வழக்குதான் முதலில் வந்து நின்றது. தீர்ப்பில் இருந்து தன் பெயரை நீக்க வேண்டும் என்று மீண்டும் கோர்ட்டு படி ஏறினார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் 2 நீதிபதிகள் பெஞ்சு, பெயரை மறைக்கும்படி உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் அந்த உத்தரவுக்கு சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது.

குற்றவாளி அல்ல என்று கோர்ட்டே சொன்னவருக்கு, 10 ஆண்டு கழித்தும் இந்தப் பாடு!

வேடிக்கை என்னவென்றால், போக வேண்டியது போகாது. இருக்க வேண்டியது இருக்காது. ஊரே கூடிப் பேசிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ந் தேதி மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-ல் போய்ச் சேர்ந்தது. 2 ஆண்டு எட்டிப் பார்க்காத கணக்கை அழித்துவிடலாம் என்று கூகுள் விதியே வைத்திருக்கிறது. அப்பாவின் பழைய படம், நீங்கள் ஆசையாய் எழுதியது எல்லாம் அங்கே மட்டும் இருந்தால் கோவிந்தா! வீட்டிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது கணக்கைத் திறந்து பாருங்கள்.

10 நிமிடம் போதும்

இன்றைக்கு மின்சார ரெயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், கூகுளில் உங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். பேஸ்புக்கில் உங்கள் பெயரில் எத்தனை பேர் என்று தேடுங்கள். நண்பர்கள் பட்டியலை மற்றவர் பார்க்க முடியாமல் பூட்டுங்கள். தாம்பரத்தில் ஏறினால் மாம்பலம் வருவதற்குள் முடிந்துவிடும்.

கடையைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறீர்கள்? பெயருக்கும் அப்படி ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்!