காய்ச்சல் இறங்கிய பிறகும் இதயத்தைக் கவனியுங்கள்

கேரளத்தில் கொரோனாவுக்கு முதலில் பலியானவர் கொச்சி மட்டாஞ்சேரிக்காரர். துபாயிலிருந்து ஊர் திரும்பிய 69 வயது முதியவர். நிமோனியாவுடன் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2020 மார்ச் 28 அன்று இறந்தார். இதய நோயும் ரத்தக்கொதிப்பும் அவருக்கு முன்பே இருந்தன. பைபாஸ் அறுவை சிகிச்சையும் செய்திருந்தார்கள். நுரையீரலைப் பற்றி மட்டுமே எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. பின்னர் உலகெங்கும் அதே கதைதான்: இதய நோய், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களையே அந்தக் கிருமி அதிகம் வீழ்த்தியது.

கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. கிருமி போய்விடவில்லை, இப்போதும் அவ்வப்போது வந்து போகிறது. எனவே அது இதயத்தை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ரத்தக் குழாய்க்குள் நடப்பது

நம் செல்களின் மேற்பரப்பில் ஏசிஇ-2 என்றொரு புரதம் இருக்கிறது. கொரோனா கிருமி அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. நுரையீரலில் மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம், ரத்தக் குழாய்கள் என்று பல இடங்களிலும் இந்தப் புரதம் உண்டு.

ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது. பழகிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாதது போல, இந்தப் படலம் நன்றாக இருக்கும்வரை ரத்தம் எங்கும் ஒட்டாமல் ஓடும். அழற்சியால் படலம் கெட்டால் அங்கே ரத்தம் உறையத் தொடங்கும். கொரோனாவால் இறந்தவர்களின் உறுப்புகளைப் பரிசோதித்த சூரிக் மருத்துவர்கள், இந்தப் படலம் அழற்சியால் சிதைந்திருந்ததை 2020 ஏப்ரலிலேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்.

ரத்தக்கட்டி காலில் உருவானால் வீக்கம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் திடீர் மூச்சுத் திணறல். மூளைக்குப் போகும் குழாயில் அடைத்தால் பக்கவாதம். இதயக் குழாயில் அடைத்தால் மாரடைப்பு.

இதயத்துக்கு எப்படி அடி விழுகிறது?

பல வழிகளில். கடும் காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதற்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். அதே நேரத்தில் நுரையீரல் பழுதாகி ஆக்சிஜன் குறைகிறது. ஏற்கெனவே குழாயில் பாதி அடைப்பு உள்ளவருக்கு இந்தப் பற்றாக்குறையே போதும், இதயத்தசை சேதமாக.

இரண்டாவது, கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட நோய் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறினால் இதயத்தசையே அழற்சிக்கு ஆளாகலாம். இது அரிதுதான் என்றாலும் இளைஞர்களுக்கும் வரலாம். துடிப்பின் தாளம் தவறுவது மூன்றாவது. இதயத்தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு அந்தப் புரதத்துக்கான பரிசோதனை செய்தது இதனால்தான்.

ஆபத்து எவ்வளவு காலம்?

ஸ்வீடன் முழுவதும் எடுத்த கணக்கின்படி, தொற்றுக்குப் பின் காலில் ரத்தம் உறையும் ஆபத்து மூன்று மாதம் வரையும், நுரையீரல் அடைப்பு ஆபத்து ஆறு மாதம் வரையும் கூடுதலாக இருந்தது. தொற்று கடுமையாக இருந்தவர்களுக்கு ஆபத்தும் அதிகம்.

அமெரிக்காவில் தொற்று கண்ட முன்னாள் படைவீரர்கள் ஒன்றரை லட்சம் பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. தொற்று வராதவர்களோடு ஒப்பிட்டால், வந்தவர்களில் ஆயிரம் பேருக்குக் கூடுதலாகச் சுமார் 45 பேருக்கு ஏதோ ஒரு இதய, ரத்தக் குழாய்ச் சிக்கல் இருந்தது. மருத்துவமனையில் சேராதவர்களும் இதில் அடக்கம். ஆனால் இந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். தடுப்பூசி பரவலாவதற்கு முன் தொற்று கண்டவர்களே அதிகம். அந்த எண்ணை இன்றைய எல்லோருக்கும் அப்படியே பொருத்தக் கூடாது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ரத்தக்கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் ஏசிஇ-2 புரதத்தை அதிகமாக்கி, கிருமிக்குக் கதவு திறந்துவிடும் என்று 2020-இல் ஒரு பீதி கிளம்பியது. பிரேசிலில் 659 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப்பேர் அந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள், மீதிப்பேர் தொடர்ந்தார்கள். நிறுத்தியதால் எந்த லாபமும் இல்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளைக் காய்ச்சலின்போது நீங்களாக நிறுத்தக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தடுப்பூசிதான் காரணமா?

இளைஞர் யாராவது திடீரென்று இறந்தால் உடனே ‘ஊசிதான் காரணம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கிறது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து, 2023-இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், அளவுக்கு மீறிய குடி, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களில் கடும் உடலுழைப்பு. தடுப்பூசியால் ரத்த உறைவோ இதயத்தசை அழற்சியோ வரவே வராது என்பதல்ல. மிக அரிதாக வருகிறது.

மூட்டை தூக்குவோரும் துணி துவைப்போரும்

‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்வது எளிது. மட்டாஞ்சேரி பஜார் சாலைக் கிடங்குகளில் சரக்கு மூட்டைகளைத் தலையில் சுமப்பவருக்கும், ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி துவைக்கும் தமிழ்க் குடும்பத்தவருக்கும் உழைப்புதான் கூலி. முடிந்தவரை இப்படிச் செய்யலாம்: அறிகுறிகள் முழுக்க நின்ற பிறகே வேலைக்குத் திரும்புங்கள். முதல் வாரம் பாதிச் சுமை, இடையிடையே உட்கார்தல். இன்று செய்த வேலைக்கு நாளை உடம்பு அடித்துப்போட்டாற்போல் ஆனால், அளவு கூடிவிட்டது என்று பொருள். இதயத்தசை அழற்சி உறுதியானவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உழைப்பையும் உடற்பயிற்சியையும் தவிர்க்க வேண்டும்.

தொற்றுக்குப் பிறகு, எழுந்து நின்றால் தலை சுற்றி, நெஞ்சு படபடக்கிறதா? விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால், பத்து நிமிடம் படுத்து நாடித்துடிப்பைக் குறியுங்கள். பிறகு பத்து நிமிடம் அசையாமல் நின்று, இடையிடையே குறியுங்கள். மயக்கம் வந்தால் உடனே உட்காருங்கள். பெரியவர்களுக்குத் துடிப்பு, படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் உயர்ந்து அப்படியே நின்றால், அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு வைத்தியம் உண்டு. நீரும் உப்பும் கூட்டச் சொல்வார்கள். ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

* நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வலியோடு குளிர்ந்த வியர்வை
* ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குதல்
* மயங்கி விழுதல்
* முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொள்ளுதல், பேச்சுக் குழறல்
* ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்

முதல் நான்கில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். ‘வாயுவாக இருக்கும்’ என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கால் வீக்கம் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், நாற்பது தாண்டியவர்களும் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களும் தொற்று தீர்ந்த ஒரு மாதத்துக்குள் அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எக்கோ, ஈசிஜி தேவையா என்பதை மருத்துவர் சொல்வார்.